மொகம் பாக்கணும்னு சொன்னான்

அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க சார், பேண்டெல்லாம் மாவாயிரும். இந்தாங்க, இந்தச் சேர்ல உக்காருங்க. நல்ல நாளாப் பாத்துத்தான் வந்திருக்கீங்க. காலையில ஒம்பது மணிக்கே கரண்டை நிப்பாட்டிட்டான். மாசாந்திரப் பராமரிப்பாம், சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் விடுவானாம். மில்லு ஓடுச்சுன்னா நீங்க கத்துறது எனக்குக் கேக்காது, நான் கத்துறது ஒங்களுக்குக் கேக்காது. முப்பது வருசமா இந்த மிசின்கிட்ட கத்திக் கத்தி என் தொண்டையே இப்படி ஆயிருச்சு. சும்மா பேசினாலே சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கும், தப்பா எடுத்துக்கிடாதீங்க.

சண்டைக்குத்தான் நிக்கிறேன்னே வச்சுக்கிடுங்களேன். நீங்க வந்த விசயம் எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு முன்னால கல்லு நடப் போறீங்க. இந்த ஊர்ல இருந்து மிலிட்டரிக்குப் போயி யுத்தத்துல நின்னவுக பேரையெல்லாம் அதுல வெட்டப் போறீங்க. பதினோரு பேரு. அதுல ஒருத்தன் எங்க கொழுந்தன், எம் புருசன் கூடப் பெறந்த தம்பி, தவசிலிங்கம். அவன் பேரைப் போடக்கூடாதுன்னு ஒங்க மிலிட்டரிக்காரங்க சங்கத்துக்கு எழுதிப் போட்டது நாந்தான். நானும் எம் மகனும் கையெழுத்துப் போட்டோம். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்.

ஏன் போடக்கூடாதா? நல்லாக் கேட்டீங்க. எம் புருசனைக் கொன்னவன் பேரைக் கல்லுல வெட்டி, வருசா வருசம் அதுக்கு மாலை போடுவீங்க. நான் தெனமும் அது வழியாத்தானே காய்கறி வாங்கப் போகணும்? எந்தப் பொம்பளை சார் தாங்குவா?

கொன்னான்னா குத்திக் கொல்லலை. தூக்கிக் கொன்னான். சிரிக்காதீங்க. சரி, சிரிக்கலை. நானா நெனைச்சுக்கிட்டேன். இந்த ஊர்ல இதைச் சொன்னாலே ஒருத்தன் சிரிப்பான், அதான்.

மொதல்லருந்து சொல்றேன், கேளுங்க. அவன் மிலிட்டரிக்குப் போனப்ப எங்களுக்கெல்லாம் என்ன பெருமைங்கிறீங்க. எனக்கு அப்பக் கல்யாணம் ஆகலை, ஆனா மாமன் வீடுதானே, எல்லாம் தெரியும். போட்டோ வந்துச்சு. பாத்தா, கையில துப்பாக்கி இல்ல சார். நீளமா ஒரு குழலு! பேண்டு செட்டுல சேத்துட்டாங்களாம். எங்க மாமனாரு அந்தப் போட்டோவைப் பெட்டிக்கு அடியில போட்டுட்டாரு. நாலு பேருக்கு நடுவுல வெள்ளை வேட்டி கட்டி நடக்குற மனுசன். மகன் கொட்டு மேளக்காரன்னு வெளியில சொல்ல முடியுமா? எங்க குடும்பம் என்ன, எங்க வகையறா என்ன.

பெறகு எழுவத்தொண்ணுல கெழக்க சண்டை வந்துச்சுல்ல. அப்பவாச்சும் துப்பாக்கியைக் குடுப்பாங்கன்னு பாத்தோம். குடுக்கலை. சண்டை வந்துட்டா பேண்டுக்காரங்கதான் ஸ்ட்ரெச்சர் தூக்கணுமாம். ஆமாவா சார்? அப்படித்தானா? ஓ, எல்லா ரெஜிமெண்டுலயும் அப்படித்தானா. எங்களுக்கு என்ன தெரியும். அவன் லீவுல வந்தப்ப டீக்கடையில கூட்டமாக் கூடிக் கேட்டாங்களாம், "எத்தனை பேரைச் சுட்டீரு?"ன்னு. இவன் சொன்னானாம், "ஒருத்தரையும் சுடலை. தூக்குனேன்"னு. அவ்வளவுதான். அன்னையில இருந்து அவன் பேரு தூக்கி. தூக்கி வாரான், தூக்கி போறான். மிலிட்டரி போயும் பாடை தூக்கிட்டுத்தான் வந்தான்னு எங்க காதுபடவே சொல்லுவாங்க. நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல கொழாயடியில ஒருத்தி கேக்குறா, "தூக்கி வீட்டு மருமகளா நீ?"ன்னு. கொடத்தை அங்கயே போட்டுட்டு வந்துட்டேன்.

அவன்கிட்டச் சொன்னேன், "ஏதாச்சும் ரெண்டு பேரைச் சுட்டேன்னு சொல்லித் தொலைச்சா என்ன?"ன்னு. "சுடலையே மதினி"ங்கிறான். அவ்வளவுதான் பேச்சு. சோத்தைப் போட்டாத் தின்பான், வைஞ்சாக் கேட்டுக்கிடுவான். அப்படி ஒரு ஆளு.

எம் புருசன் அப்படி இல்ல சார். பால்ச்சாமின்னா மேக்குத் தோட்டத்துல நின்னு பேசுறது ஊருக்குள்ள கேக்கும். வாய் நெறையச் சிரிப்பு. தம்பி மேல உசுரு. தம்பி பதினஞ்சு வருசம் முடிச்சு வந்ததும் தோட்டத்துல பாதியை ஒதுக்கி, "நீயும் நானும் ஒரே வரப்புல நிப்போம்டா"ன்னு சொன்ன மனுசன். அந்தத் தோட்டத்துலதான் அது நடந்துச்சு.

கார்த்திகை மாசம். நாலு நாளா மழை விடலை. மோட்டார் ரூம் தகரம் காத்துல தூக்கிருச்சுன்னு அவுக மேல ஏறினாக. நான் வேண்டாம்னு சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். வழுக்கிருச்சு. கீழ தொட்டி ஓரத்துல தலை. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். ஓடிப் போயிப் பாத்தா கண்ணு மூடியிருக்கு, மூச்சு மட்டும் கொறட்டை மாதிரி வருது. என் சத்தத்தைக் கேட்டு அவன் ஓடியாந்தான். பக்கத்துத் தோட்டத்து ஆளுக மூணு பேரும் வந்தாங்க.

தார் ரோட்டுக்கு ஒரு மைலு போகணும். வண்டி வராது, ஓடை நெறையத் தண்ணி. அவன் கயித்துக் கட்டிலைத் தூக்கிட்டு வந்தான். எம் புருசனைப் பூ மாதிரி எடுத்து வச்சான், அதைச் சொல்லணும். நாலு பேருமாத் தூக்கி, தலையை ஒரே நேரா வச்சுப் பிடிச்சு, கட்டில்ல வச்சு ஒருக்களிச்சுப் படுக்கப் போட்டான். முதுகுக்குத் துண்டைச் சுருட்டிக் குடுத்தான், வாயி ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு. எனக்குப் பாக்கச் சகிக்கலை. செத்தவன் மாதிரி வாயைக் கோணிக்கிட்டு.

பெறகுதான் சார் அந்தக் காரியத்தைச் செஞ்சான். கட்டிலைத் தூக்குறான், கால் முன்னால! தலை பின்னால. தலை மாட்டுல இவன் நிக்கிறான். நீங்களே சொல்லுங்க, நம்ம பக்கத்துல யாரைக் கால் முன்னால வச்சு வாசலை விட்டு எடுப்பாங்க? பொணத்தைத்தானே? சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும். காய்ச்சக்காரனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாக்கூட தலை முன்னாலதான் போகணும். நான் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டேன். "திருப்புடா! உசுரோட இருக்கிற மனுசனைச் சுடுகாட்டுக்கா கொண்டு போற? திருப்பு!"ன்னு கத்தினேன்.

அதுக்கு அவன் சொன்னான் சார். என் ரெண்டு காதாலயும் கேட்டேன். "மதினி, எனக்கு அண்ணன் மொகம் பாக்கணும்"னான்.

மொகம் பாக்கணுமாம்!

நீங்க எந்தூரு? விருதுநகர்ப் பக்கமா? அப்ப ஒங்களுக்குத் தெரியும். சுடுகாட்டுல மொகத்தை மூடுறதுக்கு முன்னால கூப்புடுவாங்கல்ல, "மொகம் பாக்குறவுக வந்து பாத்துக்கிடுங்க"ன்னு. அதுக்கு மேல அந்த மொகம் கெடையாது. கொறட்டை விட்டுக்கிட்டு உசுரோட கெடக்குற அண்ணனைக் கால் முன்னால வச்சுக்கிட்டு, மொகம் பாக்கணும்னு நிக்கிறான். மிலிட்டரியில பொணமாத் தூக்கித் தூக்கி இவனுக்கு மனுசனுக்கும் பொணத்துக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சேன்னு நெனைச்சேன். அந்தச் சேத்துலயே கட்டிலுக்குக் குறுக்க விழுந்தேன். "என்னைய மிதிச்சுட்டுப் போ"ன்னேன். மத்த மூணு பேரும் என் பக்கந்தான். "அந்தம்மா சொல்றது சரிதானப்பா, சகுனம் சரியில்ல"ன்னாங்க. திருப்பினாங்க.

திருப்பினதும் நானே போயி அவுக தலையை நேரா வச்சேன். மல்லாக்கப் படுக்க வச்சு, துண்டை எடுத்து மொகத்தைத் தொடைச்சேன். அழகா இருந்தாக.

என்ன சார்? ஒண்ணுமில்லையா. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. டீ சொல்லட்டுமா? வேண்டாமா.

அவன் விட்டானா? விடலை. பின்னால நின்னவன் முன்னால ஓடியாந்து, தலைப்பக்கத்துக் கட்டையைப் பிடிச்சு, திரும்பி நின்னுக்கிட்டான். போற திசைக்கு முதுகு, அண்ணனுக்கு நேரா மொகம். அப்படியே பின்னாலயே நடக்குறான் சார்! சேறு, வரப்பு, ஒரு அடி அகலம். பின்னாடி பாக்காமப் பின்னாலயே போறான், கண்ணை எடுக்காம அண்ணன் மொகத்தையே பாத்துக்கிட்டு. ஒத்தைக் கையால அண்ணன் தாடையைப் பிடிச்சு மறுபடியும் ஒருபக்கமாத் திருப்புறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? பைத்தியம் பிடிச்சுருச்சுன்னுதான் நெனைச்சேன். பாதி வரப்பு போயிருப்போம், வழுக்கி முழங்கால் போட்டு விழுந்தான். கட்டிலை விடலை, அதையும் சொல்லணும். நெஞ்சுல வாங்கிக்கிட்டான். கட்டை இடிச்சு உதடு கிழிஞ்சு ரத்தம்.

அந்த நேரம் பாத்து எங்க அண்ணன் எதுத்தாப்புல ஓடி வாராக. சேதி தெரிஞ்சு ஊருக்குள்ள இருந்து வந்தாக. இவன் நிக்கிற நெலையைப் பாத்து, சட்டையைப் பிடிச்சு இழுத்துத் தள்ளினாக. "நீ கால் பக்கம் போடா, தூக்கிப் பயலே, உனக்கு என் மச்சான் பொணமா?"ன்னு கேட்டாக. தலைப்பக்கம் எங்க அண்ணனும் இன்னொருத்தரும் முன்னால பாத்து விறுவிறுன்னு நடந்தாக. மழை வேற வலுத்துருச்சு. நான் ஒரு சாக்கை எடுத்து அவுக மொகம் நனையாம மூடிவிட்டேன், மூச்சுக்கு எடம் விட்டுத்தான்.

கால் பக்கத்துல இருந்துக்கிட்டு அவன் கத்திக்கிட்டே வாரான். "மொகத்தைப் பாருங்க! யாராச்சும் மொகத்தைப் பாருங்க! மதினி, மொகத்தைப் பாருங்க!" ஓடை வரைக்கும் அதே கத்து. ஓடையில எறங்குறப்பவும் அதே கத்து. என்னால தாங்க முடியலை சார். திரும்பி ஓடிப்போயி ஒரு கை சேத்தை அள்ளி அவன் வாயில அடிச்சேன். ரத்தமும் சேறுமா நின்னான். அப்பவும் கட்டிலை விடலை, தொடைச்சுக்கிடவும் இல்ல. ஆனா அதுக்குப் பெறகு கத்தலை. அழுதுக்கிட்டே வந்தான்.

ரோட்டுக்கு வந்து லாரியில ஏத்தி, தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போயிச் சாக்கை எடுத்தா, உதடெல்லாம் நீலம். வாய் நெறைய வாந்தி. போயிட்டாக.

தண்ணி குடுங்க. அந்தச் செம்புல இருக்கு. ம்.

அங்க ஒரு டாக்டரு. சின்ன வயசு. பரிசோதனை பண்ணிட்டு வந்து சத்தம் போட்டாரு. "அடி பலமாப் பட்டிருக்கு, ஆனா அதுல போகலை, வாந்தி மூச்சுல அடைச்சுத்தான் போயிருக்காரு"ன்னாரு. "கொண்டு வரும்போது யாரு மொகத்தைப் பாத்துக்கிட்டு வந்தது?"ன்னு கேட்டாரு. அந்த வார்த்தையை அவரும் சொன்னதும் எனக்கு ஆவேசம் வந்துருச்சு. கையை நீட்டினேன். "இந்தா நிக்கிறானே, இவந்தான் மொகம் பாக்கணும் மொகம் பாக்கணும்னு நின்னான்"னு சொன்னேன். டாக்டரு அவனைத் திட்டித் தீத்துட்டாரு. "நீயெல்லாம் மனுசனா? மிலிட்டரியில இருந்தேங்கிற, இதுகூடத் தெரியாதா?"ன்னு ஊரே நிக்கிறப்பக் கேட்டாரு.

அவன் என்னைய ஒரு தரம் பாத்தான். பெறகு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "தப்புதான் டாக்டர்"னான்.

கேட்டீங்களா? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். நானாச் சொல்லலை. தப்பு இல்லாட்டி எதுக்கு ஒத்துக்கிடணும்?

அன்னையில இருந்து முப்பத்தெட்டு வருசம் நான் அவன் மொகத்துல முழிக்கலை. பதினாறாம் நாளு வீட்டு வாசல்ல வந்து நின்னு, "மதினி, ஒரே ஒரு விசயம்"னான். "நீ மொகம் பாத்தது போதும், போ"ன்னு கதவை அடைச்சேன். அவனுக்கு ராஜபாளையத்துல பொண்ணு பேசி முடிச்சிருந்தாங்க. நானே பஸ் ஏறிப் போயி, "கூடப் பெறந்தவனையே காவு குடுத்தவனுக்கா பொண்ணு குடுக்குறீங்க?"ன்னு கேட்டுட்டு வந்தேன். நின்னு போச்சு. கடைசி வரைக்கும் ஒத்தையாத்தான் கெடந்தான். எம் மகனுக்கு அப்ப ரெண்டு வயசு. வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து, "உங்க அப்பாவைக் கொன்னது உங்க சித்தப்பன்"னு சொல்லித்தான் வளத்தேன். அந்தப் பையன் பள்ளிக்கூடம் போற வழியில இவன் நிப்பானாம். பையன் அந்தப் பக்கமாப் போயிருவானாம். ஒருநாள் கல்லெடுத்து எறிஞ்சிருக்கான். நான் கண்டிக்கலை.

ஊருக்கே இந்த ஒரு மில்லுதான். ஆனா அவன் ரெண்டு மைலு சைக்கிள் மிதிச்சுப் பக்கத்தூர்ல போயி அரைச்சுட்டு வருவான். ரோசம் பாருன்னு நான் பேசுவேன். போன ஐப்பசியில செத்தான். இந்தத் தெரு வழியாத்தான் கொண்டு போனாங்க. பொணம் போகும்போது மில்லை நிப்பாட்டணும்ல? நான் நிப்பாட்டலை. ஓட்டுனேன். அரைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா ஓட்டுனேன். எம் மகன் திருப்பூர்ல இருந்து கொள்ளி வைக்க வரலை. யாரோ ஒங்க சங்கத்து ஆளு வச்சாராம். நீங்கதானா? ஓ. நீங்கதானா.

இதையெல்லாம் எழுதிக்கிடுங்க சார். ஏன் பேனாவை மூடி வச்சிட்டீங்க?

என்ன கேட்டீங்க? ஆமா, மொதல்ல தலைமாட்டுலதான் நின்னான். பின்பக்கம். ஆமா, அவனாத்தான் போயி அங்க நின்னான். ரெண்டு பேரைக் கால் பக்கத்துக்கு அனுப்பிட்டு. ஏன் இதைத் திருப்பித் திருப்பிக் கேக்குறீங்க?

நீங்க மிலிட்டரி ஆஸ்பத்திரி வேலையா. எத்தனை வருசம்? இருபத்திநாலா.

சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க சார், எனக்குக் காதும் கொஞ்சம் மந்தம்.

சமதரையில தூக்கினா கால்தான் முன்னால போகணும். அப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்க. அப்பத்தான் பின்னால தூக்குறவனுக்கு அடிபட்டவன் மொகம் தெரியும். மூச்சு நிக்குதா, வாந்தி வருதா, நெறம் மாறுதான்னு அவன் பாத்துக்கிட்டே வரணும். வாந்தி வந்தா உடனே எறக்கி, ஒருக்களிச்சு விட்டு, வாயைத் தொடைக்கணும். அதுக்காகத்தான் துண்டைச் சுருட்டி முதுகுக்குக் குடுத்தான். சரி. மேடு ஏறினா மட்டுந்தான் தலை முன்னால. சரி. கெட்டிக்காரனா, பழக்கப்பட்டவனாப் பாத்துத்தான் தலைமாட்டுல நிப்பாட்டுவாங்க.

அப்ப செத்தவனை எப்படித் தூக்குவீங்க?

தூக்க மாட்டீங்களா. உசுரோட இருக்கிறவன் எல்லாரையும் கொண்டு போயிச் சேத்த பெறகுதான் செத்தவனுக்குத் திரும்பி வருவீங்களா.

அப்ப அவன் தூக்குனது பூராம் உசுரோட இருந்தவுகளைத்தானா?

சார், அது மிலிட்டரிக்குச் சார். இது எங்க ஊரு. எங்க ஊருல மொகம் பாக்குறதுன்னா அது ஒண்ணுதான். அவன் வெவரமாச் சொல்லியிருக்கலாம்ல? "வாந்தி வருதான்னு பாக்கணும் மதினி"ன்னு ஒரு வார்த்தை நல்ல தமிழ்ல சொல்லியிருந்தா நான் கட்டிலைப் பிடிச்சிருப்பேனா? குறுக்க விழுந்திருப்பேனா? மொகம் பாக்கணும்னா எனக்கு என்ன தெரியும்? நானும் இருவத்தெட்டு வயசுப் பொம்பளைதானே, எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

சொல்ல வந்தான். பதினாறாம் நாளு வந்தான்ல. கதவை அடைச்சேன்.

டாக்டருகிட்டச் சொல்லியிருக்கலாம். "இந்தப் பொம்பளைதான் திருப்பச் சொன்னா, இவதான் தலையை நேரா வச்சா, இவதான் சாக்கைப் போட்டு மூடினா"ன்னு ஒரு வார்த்தை. ஊரே நின்னுச்சு. என்னைய ஒரு தரம் பாத்தானே, அப்பச் சொல்லியிருந்தா எங்க மாமியா அங்கயே என் கொண்டையைப் பிடிச்சிருப்பா. அந்த ரெண்டு வயசுப் புள்ளையோட நான் எங்க போயிருப்பேன்? தப்புதான் டாக்டர்னுட்டான். பாவி. முப்பத்தெட்டு வருசம் அதையே சுமந்துக்கிட்டுப் போயிட்டான். ஐயோ, எங்கொழுந்தனாரே.

இல்ல, ஒண்ணுமில்ல. உக்காருங்க, எந்திரிக்காதீங்க. எனக்கு ஒண்ணும் பண்ணலை.

பேரைப் போடுங்க சார். அப்பா பேரு, ஊருப் பேரு எல்லாம் சேத்து முழுசாப் போடுங்க. பேண்டுக்காரன்னும் போடுங்க, ஸ்ட்ரெச்சர் தூக்கினாருன்னும் போடுங்க. எவன் சிரிப்பான்னு நான் பாக்குறேன். எங்க வேணும்னாலும் நான் கையெழுத்துப் போடுறேன்.

ஆனா எம் மகனுக்கு நீங்க போன் பண்ணாதீங்க. நீங்க நல்லதுக்குத்தான் கேக்குறீங்க, தெரியுது, ஆனா வேண்டாம். அவன்கிட்ட நாந்தான் சொல்லணும். நான் சொன்னா அவன் அழ மாட்டான், கோவப்பட மாட்டான். அவன் அவுக அப்பா மாதிரி இல்ல, சித்தப்பன் மாதிரி, பேச்சே கம்மி. எல்லாத்தையும் பேசாமக் கேட்டுக்கிடுவான். கேட்டு முடிச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேப்பான். நீங்க மரியாதைக்காக அதைக் கேக்காம உக்காந்திருக்கீங்க. அவன் கேப்பான் சார்.

"அப்ப எங்கப்பாவைக் கொன்னது யாரும்மா?"ன்னு கேப்பான்.